சாவு வீட்டில் நீ சொன்ன வார்த்தை

தம்பி,

நேரில் சொன்னால் நீ முழுதாகக் கேட்க மாட்டாய். பாதி கேட்டுவிட்டு, "சரிம்மா, அப்புறம் பேசுவோம்" என்று எழுந்து போய்விடுவாய். அந்த அப்புறம் எந்த நாளில் வருகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அடுத்த வாரம் நீ விமானம் ஏறிவிடுவாய். புது நாடு, புது ஆராய்ச்சிக்கூடம், குளிருக்கென்று வாங்கிய தடித்த கோட்டு. எல்லாம் முன்னறையில் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் தையல் மெஷினுக்குப் போகிறேன். தாண்டும்போதெல்லாம் ஒன்று சொல்ல வாயைத் திறக்கிறேன், நீ ஃபோனில் யாரோடாவது இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் பள்ளிக்கூட யூனிபோர்ம் துணிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, துணி வெட்டும் மேசையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் மஹய்யாவையில் காலையிலிருந்து தூறல். கரண்டும் போய்ப் போய் வருகிறது. மெஷின் ஓடாத நேரத்தில் எழுதுவது எனக்கு வசதிதான்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. ஒரு பிரதி உன் பெட்டி மேல் இருக்கும். இன்னொரு பிரதி ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துக்கு, லயத்து வரிசை வீடுகளில் உன் சின்னம்மாவின் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் புஷ்பத்தின் கைக்குப் போகும். அவள் வாசித்து லயத்தில் மற்றவர்களுக்கும் சொல்லட்டும். வேறு யார் கேட்டாலும் கொடுப்பேன். என் தங்கச்சியின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. உனக்கு அவள் சின்னம்மா, இந்தக் கடிதத்திலும் அவள் சின்னம்மாதான். பெண்களுக்கு வருகிற நோயை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பதுதான் கௌரவம் என்று நாங்கள் வளர்க்கப்பட்டோம். அந்தக் கௌரவத்தை வைத்துக்கொண்டு ஒரு மண்ணும் செய்ய முடியாது என்று இந்த வருஷம்தான் எனக்குப் புரிந்தது. இனிமேல் ஒட்டின உறை எனக்கு வேண்டாம்.

முதலில் உன் மாநாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்டி நகரத்துக்கு மேலே, குளம் முழுதும் தெரிகிற அந்த ஹோட்டலுக்கு என்னைக் கூட்டிப்போனாய். வைரஸ்களைப் பற்றியும், கிருமியால் வரும் புற்றுநோய்களைப் பற்றியும் பேச எத்தனையோ நாட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். எனக்கும் ஒரு பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். உன் கலியாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து, கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்ந்தேன். நீதான் கலியாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து ஓடுகிறாயே, பட்டாவது வெளியில் வரட்டும் என்றுதான். கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிப் பேச இத்தனை பேர் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருவர் எழுந்து, காமாலைக் கிருமி ஈரலுக்குள் வருஷக்கணக்காகச் சும்மா குந்தியிருந்துவிட்டுக் கடைசியில் புற்றாக மாறுவதைப் பற்றிப் பேசினார். நீ என் காதோடு தமிழில் சொன்னாய். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. வந்த அன்றே ஆளைக் கொல்லாத கிருமி, வீட்டு ஆளைப் போல உள்ளேயே இருந்து பழகிவிடுகிற கிருமி. எனக்கு என் தங்கச்சியைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

உன் முறை வந்தது. நீ மேடை ஏறியபோது உன் சட்டைக் கொலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. எழுந்து வந்து சரிசெய்ய என் கை துடித்தது, அடக்கிக்கொண்டேன். நீ பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் படம் புரிந்தது. பெரிய திரையில் ஹேவாஹெட்ட மலை வந்தது. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாமல், திரும்பி நிற்கிற பெண்கள். யார் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகப் பின்னாலிருந்து எடுத்ததாக நீ முன்பே சொல்லியிருந்தாய். மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம். இடது ஓரத்தில் நின்றவளின் ஊதா ரவிக்கையை நான் தைத்தேன். போன தீபாவளிக்கு, கழுத்துக்குப் பின்னால் இரட்டைத் தையல் போட்டு, கூடைக் கயிறு உரசிக் கிழியாமல் இருக்க உள்ளே ஒரு பட்டித் துணி வைத்து, நானே தைத்துக் கொடுத்தது. அத்தனை பெரிய ஹோலில், அத்தனை படித்தவர்களுக்கு நடுவில், என் தங்கச்சியின் முதுகு சுவர் அளவுக்கு நின்றது. நீயும் அந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாய். அவள் செத்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு கேள்வி நேரம். முன்வரிசையில் இருந்த ஒரு நரைத்த அம்மா எழுந்து மெதுவாக, தெளிவாகக் கேட்டார். வைரஸ் இருப்பதாகத் தெரிந்த பெண்களில் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போனார்கள் என்று அவர் கேட்டது எனக்கே புரிந்தது. நீ இடது காது மடலைப் பிடித்தாய். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு, "ஒன்னும் நடக்கலம்மா" என்று சொல்லும்போது பிடிப்பாயே, அதே மாதிரி. பிறகு என்னவோ இரண்டு வரி சொன்னாய், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது போல. அந்த அம்மா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். தேநீர் இடைவேளையில் அவரே என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் மகனைப் பற்றிப் பெருமைப்படு என்று சொன்னார். எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு உண்மை தெரியாது. அவள் செத்த பிறகு நீ அந்த மலைக்குப் போகவே இல்லையே, எப்படித் தெரியும்?

போன வருஷம் இந்த வேலைக்காக நீ அங்கே முதன்முதலில் போன நாளை நினைத்துப் பார். சின்ன பிரஷ் வைத்த குச்சிகளையும், மூடி போட்ட சின்னக் குழாய்களையும் பையில் நிறைத்துக்கொண்டு போனாய். பெண்கள் தங்கள் வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, தாங்களே எடுத்துக் கொடுக்கலாம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸ் இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும் என்று மாரியம்மன் கோயில் முன்னால் நின்று விளக்கினாய். நீ பேசி முடித்ததும் முதல் கேள்வி, "டொக்டர் தம்பி, இந்த இருமலுக்கு ஒரு மருந்து எழுதித் தாங்களேன்" என்பதுதான். நீ ஊசி போடுகிற டொக்டர் இல்லை, வைரஸைப் படித்த டொக்டர் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்களுக்கு ஏறவில்லை. இரண்டாவது, ஒருத்தரும் குச்சியைக் கையில் வாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். வளர்ந்த ஆம்பளைப் பிள்ளை, அதுவும் நம் வீட்டுப் பிள்ளை, இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறதே என்ற கூச்சம். நானும் ஒரு ஓரத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அன்றைக்கு உன்னைக் காப்பாற்றியது சின்னம்மா. பையை உன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, "நீ போ, இது பொம்பளைங்க சமாச்சாரம், நான் பாத்துக்கிறேன்" என்றாள். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த களைப்போடு, அந்தி சாய்வதற்குள் லயம் லயமாக ஏறி இறங்கினாள். புஷ்பத்தின் வாசலில் அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. "ஏன்டி, அட்டை கடிச்சா மட்டும் சேலையத் தூக்கிப் பாக்கத் தெரியுது, இதுக்கு மட்டும் என்னத்த வெக்கம்? என் புள்ள ராப்பகலா படிச்சுக் கண்டுபுடிச்சது இது. வாங்கிக்க." உன்னைப் பிள்ளை என்று சொல்லும்போது அவளுக்குக் கழுத்து நிமிரும். நீ பிறந்த கையோடு நான் காமாலையில் விழுந்து கிடந்தேன். உன்னைக் குளிப்பாட்டி, பால் புகட்டி, தோளில் போட்டுத் தூங்க வைத்தது அவள்தான். அவளுக்கென்று ஒன்று பிறக்கவில்லை, புருஷனும் சீக்கிரமே போய்விட்டான். ஒரு வாரத்துக்குள் நீ கொடுத்த குழாய்களெல்லாம் நிரம்பி வந்தன. "உங்களோடது சின்னம்மா?" என்று நீ கேட்டாய். "அதையும் போட்டுட்டேன் ராசா" என்றாள். முடிவுகள் வந்து, கிளினிக் மிட்வைஃப் மிஸ் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன பிறகு, சின்னம்மா லயம் முழுக்கச் சொன்னாள், "எனக்கு ஒன்னும் இல்லைன்னு வந்துருச்சு." குழாயில் இலக்கம்தான் இருக்கும், பெயர் கிளினிக்கில்தான் இருக்கும், யாருடையது எது என்று நான் பார்ப்பது முறையில்லை என்பாய். நீ பார்க்கவும் இல்லை. அவள் சொன்னதை நம்பினாய், நானும் நம்பினேன்.

இந்தச் சித்திரைக்கு அவளுக்கு ரவிக்கை தைக்கும்போது, பழைய அளவுக்கு வெட்டிக்கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம் போல இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். "என்னடி, உருகிட்ட" என்றேன். "மலையேறி எறங்குறவ குண்டாவா இருப்பா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் ஏமாந்துபோனேன். பிறகு மலையில் வேலை செய்யும்போதே சுருண்டு விழுந்து, கண்டிக்குக் கொண்டுவந்து, வார்ட்டில் படுக்க வைத்து, நீ டொக்டர்மாரோடு பேசிவிட்டு வெளியில் வந்து சுவரில் சாய்ந்து நின்றது எல்லாம் உனக்குத் தெரியும். கருப்பைக் கழுத்தில் தொடங்கி எங்கெல்லாமோ பரவிவிட்டது என்றார்கள். அன்று நீ என்னிடம் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "அம்மா, என் டெஸ்ட் அவங்களுக்கு ஒன்னும் இல்லைன்னு சொல்லிருச்சு. நான் செஞ்ச டெஸ்ட்டுமா." அதற்குப் பிறகு நீ சாப்பிட்டதையும் தூங்கியதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உடம்பு இங்கே இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து வாசி. நீ இல்லாத ஒரு பகல், பார்வையாளர் நேரத்தில், அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் குடுக்கல" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. "குச்சியத்தான். எல்லார்கிட்டயும் வாங்கிக் குடுத்தேன், என்னோடதக் குடுக்கல. அவன் சும்மா போட்டுட்டீங்களான்னு கேட்டான், போட்டுட்டேன்னுட்டேன்." ஏன்டி என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவன் கால்ல போட்டுக் குளிப்பாட்டின புள்ளக்கா. அவன் கையில போயி அதக் குடுக்கவா? அதுவும் புருஷன் போயி இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு அந்தக் கிருமி இருக்குன்னு வந்தா, அவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?" அந்தக் கிருமி இளம் வயதிலேயே வந்து எத்தனையோ வருஷம் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும், யாரும் யாரையும் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று நீ கோயில் முன்னால் அத்தனை தடவை சொன்னாயே, அதை மற்றவர்களுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னவளே அவள்தான். ஊருக்குச் சொல்லும்போது நம்பினாள். தனக்கென்று வந்தபோது உன் முகம் அவள் முன்னால் வந்து நின்றுவிட்டது. அப்போதே அவளுக்கு உதிரம் பட்டுக்கொண்டிருந்ததாம். அதையும் அன்றுதான் சொன்னாள்.

"அவன்கிட்ட சொல்லிறாதக்கா" என்றாள். "அவனாலதான் நான் குடுக்கலைன்னு நினைச்சுக்குவான், புள்ள ஒடஞ்சு போயிரும்." நான் சரி என்றேன். சாகப்போகிறவள் கேட்கிறாள், வேறு என்ன சொல்வேன்? வெளியில் வந்து வராந்தாவில் நின்று அழுதேன். அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. பாவி, எல்லோர் வாசலிலும் போய்க் கத்தத் தெரிந்தது, உன் காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிஷம் இருக்கத் தெரியவில்லையா என்று மனதுக்குள் திட்டினேன். அவள் அப்போது கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. நீ இத்தனை படித்தும் உனக்கும் தெரியாது. அதைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் டெஸ்ட் அவளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. அது அவளைப் பார்க்கவே இல்லை.

சாவு நடந்த அன்று நீ பாடையைத் தூக்கியவர்களோடு மலைச்சரிவில் இறங்கிப் போய், அவளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினாய். குளித்தாய். ஒரு வாய் சோறு தின்னவில்லை. மாநாட்டு வேலை நெருங்குகிறது, இன்றைக்கே போகவேண்டும் என்றாய். வாசலில் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். நீ செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்களைப் பார்த்து, தலையைக் குனிந்து, "போயிட்டு வாரேன்" என்றாய். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. சொல்லாமல் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவோம். திரும்பி வருகிறேன் என்று சொல்லக்கூடாத வீடு அது ஒன்றுதான். டவுனில் வளர்ந்து, ஹொஸ்டலில் படித்து, ஆராய்ச்சிக்கூடத்தில் காலம் கழித்த பிள்ளைக்கு அது வாயில் வந்துவிட்டது. புஷ்பம் சட்டென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு பெரிய மனுஷி வாசலில் தண்ணீர் தெளித்தாள். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன், நீ எதையும் கவனிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அதோடு சரி. கருமாதிக்கும் நீ வரவில்லை.

மாநாடு முடிந்த அடுத்த ஞாயிறு, உனக்குச் சொல்லாமல், தலாத்துஓயா வழியாகப் போகிற பஸ்ஸில் நான் மட்டும் ஹேவாஹெட்டவுக்குப் போனேன். அந்த நரைத்த அம்மா கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. புஷ்பத்திடம்தான் முதலில் கேட்டேன், கிளினிக்குக்குப் போனாயா என்று. அவளுக்கு வைரஸ் இருப்பதாக வந்திருந்ததை அவளே ஒரு நாள் என்னிடம் சொல்லியிருந்தாள். "எதுக்குக்கா போறது?" என்றாள். "டொக்டர் தம்பியோட சின்னம்மாவுக்கே ஒன்னும் இல்லைன்னு சொன்னாங்க. அவங்களே போயிச் சேந்துட்டாங்க. எனக்கு இருக்குன்னு சொல்றாங்க, அது மட்டும் சரியா இருக்குமா? இல்லைன்னு வந்தவங்க சாகுறாங்க, இருக்குன்னு வந்த நாங்க போயி என்னத்த செய்ய?" அவள் மட்டுமில்லை. இருக்கிறது என்று வந்தவர்கள் ஒருத்தரும் போகவில்லை. இல்லை என்று வந்தவர்களும் பயத்தில் கிடக்கிறார்கள். புஷ்பத்தின் சின்னது அவள் இடுப்பைவிட்டு இறங்காத வயது. அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே அவள் இதைச் சொன்னாள்.

என் தங்கச்சிக்குக் கொடுத்த வார்த்தையை நான் அங்கேயே உடைத்தேன். அவள் குச்சியே கொடுக்கவில்லை என்று வாசலில் நின்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஒருத்தரும் நம்பவில்லை தம்பி. ஒருத்தி முகத்துக்கு நேரேயே கேட்டாள், "நீங்க பெத்த புள்ளையைக் காப்பாத்துறதுக்கு செத்தவங்க மேல பழி போடுறீங்களாக்கா?" அவள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். கிளம்பும்போது புஷ்பம் பஸ் நிற்கிற இடம் வரை குடை பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல பெண். "அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றாள். "தம்பி சாவு வீட்டுல நின்னு போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு. அதக் கேட்டதுல இருந்து எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு இதுதான். அடுத்தது யாரோன்னு. வாரேன்னு சொன்னவரு வரவும் இல்ல. அவரு வந்து சொல்லட்டும். அவரு மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்."

அன்றிலிருந்து இதை உன்னிடம் சொல்ல வழி தேடிக்கொண்டிருக்கிறேன். உன் டெஸ்ட் தோற்றது என்று நினைத்து நீ வேகிறாய். அது இல்லை என்று சொன்னால், உன்மேல் வைத்த பாசத்தால்தான் அவள் கூசினாள் என்று சொல்லவேண்டியிருக்கிறது. இதில் எது உனக்குக் குறைவாக வலிக்கும் என்று நானும் எடை போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் போட்டாலும் தட்டு உன் நெஞ்சில்தான் இறங்குகிறது. ஆனால் ஒரு பக்கத்தில் புஷ்பம் இருக்கிறாள். அதனால் சொல்லிவிட்டேன். தங்கச்சி என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டால் மேலே போய் நான் அவளோடு சண்டை போட்டுக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்து போடாத சண்டையா?

நீ எதற்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். மேல் ஆராய்ச்சி என்கிறாய், உண்மைதான், நல்ல இடம் என்றும் சொல்கிறார்கள். ஆனால் ஹேவாஹெட்ட மலை கண்ணில் படாத இடம் என்பதாலும்தான் போகிறாய். உன்னைப் பெற்றவளுக்கு இது தெரியாதா? அதற்காக உன்னைப் போகாதே என்று சொல்லமாட்டேன். போ. அங்கேயும் மாநாடுகள் நடக்கும், அங்கேயும் மேடை ஏறுவாய், அந்த மலைப் படத்தைப் போடுவாய். என் தங்கச்சியின் முதுகை இன்னும் எத்தனையோ நாட்டு ஆட்கள் பார்ப்பார்கள். அது எனக்குச் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் படத்தில் மற்றவர்களும் நிற்கிறார்கள். அவர்களின் முகத்தைப் பார்க்காமல் முதுகை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதே. வைரஸ் இருக்கிறது என்றால் புற்று வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, தடுப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று கோயில் முன்னால் நீதான் சொன்னாய். அந்த நேரத்தை அவர்கள் பயந்துகொண்டே கழிக்கிறார்கள்.

அதனால் இந்த ஞாயிறு நீ மேலே போகிறாய். நானும் கூட வருவேன், ஆனால் பேசமாட்டேன். மலையில் வேலை இருக்காது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மாநாட்டில் காட்டிய படம் ஒன்றும் வேண்டாம். புஷ்பத்தின் வாசலில் உட்கார். சின்னம்மா ஏன் கொடுக்கவில்லை என்று உன் வாயால் சொல். சொல்லும்போது அழுகை வந்தால் அழு, அவர்கள் உன்னை அதற்காகக் குறைவாக நினைக்கமாட்டார்கள். அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். ஏசினால் வாங்கிக்கொள். காதைப் பிடிக்காதே. வெட்கப்பட்டு ஒருத்தி செத்தாள், அவள் என் சின்னம்மா என்று நீ சொன்னால் போதும், அடுத்த கிளினிக் நாளில் புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு போவது என் பாடு. நீ இல்லாத நாட்களில் மற்றவர்களோடும் நான் போய் வரிசையில் உட்காருவேன். நானும் ஒரு குச்சி வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்பதை உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். மகன்காரன் வாசித்தால் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கொடுத்தேன்.

எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்களைப் பார்த்து, அன்று சொன்ன அதே வார்த்தையைச் சொல். போயிட்டு வாரேன் என்று நன்றாகக் காதில் விழும்படி சொல். இந்த முறை அதைச் சொல்லலாம் தம்பி, அது சாவு வீடு இல்லை. அது அப்படி ஆகிவிடக்கூடாது என்பதற்காகத்தான் நீ போகிறாய். அங்கே சொல்லிவிட்டு வந்த பிறகு, விமானத்துக்குப் புறப்படும்போது என்னிடமும் சொல்லிக்கொள். அதற்கு முன்னால் சொன்னால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அம்மா